சொல்வதற்கு முன்பே ‘சொன்னார்’

தெல்மா கார்பட்டுக்குச் சொந்தமாகச் செய்தி எழுத நாற்பது வயதுக்கு மேல்தான் வாய்ப்பு வந்தது. அதுவும் ஆறு மாதச் சோதனைக்குத்தான்.

அதுவரை ‘ஈவினிங் பீக்கன்’ அலுவலகத்தின் பின்னறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நிருபர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. தீ விபத்து, கால்பந்து, நகர மன்றம், கொலை வழக்கு எல்லாம் அவள் காது வழியாகப் போய் அச்சாகித்தான் மறுநாள் ஸ்கெல்விக் ஊரில் மீன் வறுவல் மடிக்கும் தாள் ஆனது. மழையில் நனைந்த போன் பெட்டியிலிருந்து ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லும் வாக்கியத்தைப் பாதியிலேயே பிடித்து, அவன் முடிப்பதற்குள் தட்டி முடித்துவிடுவாள். “இதையெல்லாம் நானே போய்ப் பாத்து எழுதினா என்ன?” என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டுவிட்டாள். செய்தி ஆசிரியர் மாசன் காதில் அது விழுந்தது. அந்த வாரம் இரண்டு நிருபர்கள் லண்டன் பத்திரிகைக்கு ஓடிப்போயிருந்தார்கள்.

“சரி, வா. ஆறு மாசம் பாக்கலாம்” என்றார் மாசன். “சரிப்படலேன்னா வீட்டுக்குப் போயிடணும். உன் நாற்காலி காலியா இருக்காது, சொல்லிட்டேன்.”

ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் கடலை வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்களுக்கு மூடிவிட்ட வருடம் அது. தெல்மாவின் கணவன் ஓட்டிவந்த மீன்பிடிக் கப்பல் துறைமுகத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அவன் காலையில் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் மாலையில் மதுக்கடைக்கும் நடந்துகொண்டிருந்தான். வீட்டில் வந்துகொண்டிருந்தது தெல்மாவின் சம்பளம் ஒன்றுதான். அதைப் பணயம் வைத்துத்தான் அவள் நிருபர்கள் உட்காரும் முன்னறைக்கு வந்தாள்.

எழுத வந்த முதல் வாரமே மாட்டிக்கொண்டாள். ஒருவர் பேசியதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதும்போது வினைச்சொல்லை ஒரு படி பின்னால், இறந்தகாலத்துக்கு, இறக்க வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் பாலோடு ஊட்டப்பட்ட விதி. பேசுகிறவன் ‘செய்கிறேன்’ என்றால் பத்திரிகையில் ‘செய்ததாகச் சொன்னார்’ என்று இறங்கும். தெல்மா தமிழச்சி அல்லவே, ‘என்று’ போட்டு அவன் சொன்னதை அப்படியே ஒட்டவைத்துவிட்டுப் போக. விதியை இறுகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் இறக்கினாள். உயிர்காப்புப் படகின் தலைவரைப் பேட்டி எடுத்துவிட்டு, தனக்கு மூன்று பிள்ளைகள் இருந்ததாக அவர் சொன்னார் என்று எழுதிக் கொடுத்தாள்.

மாசன் தாளை உயர்த்திப் பிடித்து அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “அடப்பாவமே! மூணையும் எப்ப கடல்ல விட்டான் அந்த ஆளு?”

எல்லாரும் சிரித்தார்கள். தெல்மாவின் காது சிவந்தது.

“இன்னிக்கும் அந்தப் பிள்ளைங்க வீட்ல சண்ட போட்டுட்டுத்தானே இருக்கு? அப்ப இருக்குன்னே எழுதும்மா. பேசினது முடிஞ்சுபோச்சு, பிள்ளைங்க முடிஞ்சுபோகல. எது முடிஞ்சது, எது முடியல, எது இனிமே வரணும்னு யோசிச்சுட்டு அப்புறம் வினைச்சொல்லத் தொடு.”

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு வினைச்சொல்லையும் சந்தையில் மீன் வாங்குகிறவள் மாதிரி செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் எழுதினாள். மெதுவாகத்தான் எழுதினாள். சாயங்காலப் பத்திரிகையில் மெதுவாக எழுதுவது நல்ல பெயர் வாங்கித் தராது. ஆறாவது மாதம் வந்தபோது மாசன் அவளை இன்னும் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார்.

அந்தப் புதன்கிழமைதான் ஸ்டேவ்லியின் உரை கைக்கு வந்தது.

ரூபர்ட் ஸ்டேவ்லிதான் ஊரின் மீன் டப்பாத் தொழிற்சாலைக்கு முதலாளி. ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு காலத்தில் அங்கே மத்தி மீனை டப்பாவில் அடுக்கியவர்கள். மறுநாள் வியாழக்கிழமை துறைமுக ஓட்டலில் வணிகர் சங்கத்தின் மதிய விருந்து. அதில் அவர் பேசப்போகும் உரையைத் தட்டச்சு செய்து, பேசி முடிக்கும்வரை வெளியிடக் கூடாது என்ற குறிப்போடு, அவருடைய ஆள் பத்திரிகைக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தான். நான்காம் பக்கத்தில் இருந்தது விஷயம். வரும் வசந்தத்தோடு தொழிற்சாலை மூடப்படும்.

தெல்மா அதை இரண்டு தடவை படித்தாள். அவள் பக்கத்து வீட்டு எனிட் ஷிப்லி அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளர் சங்கத் தலைவி. எனிட்டின் தங்கை அங்கே வேலை செய்கிறாள். எனிட்டின் மகள் பள்ளி முடித்ததும் போய்ச் சேரப்போவதும் அங்கேதான்.

“எழுதிடு” என்றார் மாசன். “மூடப்படும்னு ஸ்டேவ்லி இன்னிக்குச் சொன்னார்னு ஆரம்பி. நாளைக்குக் காலைலயே பக்கத்தப் பூட்டி வச்சிடலாம். அங்க கைதட்டற நேரத்துக்கு இங்க மெஷின் ஓடணும்.”

“அவர் இன்னும் சொல்லலியே, மிஸ்டர் மாசன்.”

“மத்தியானம் சொல்லிடுவார். நம்ம பேப்பர வாங்கறவன் கைக்குப் போறப்ப அது இறந்தகாலம் ஆயிருக்கும்.”

சாயங்காலப் பத்திரிகைகள் எல்லாம் செய்கிற வேலைதான் அது. உரை கைக்கு வந்ததும் எழுதி, அச்சுக் கோர்த்து, தகடு வார்த்து வைத்துவிடுவார்கள். நிருபர் விருந்துக்குப் போய், உரையின் நகலில் பென்சிலை ஓட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பேசுகிறவர் தடம் மாறினால் போன் செய்ய வேண்டும்; போன் வராவிட்டால் பேச்சு முடியும் நேரத்துக்கு மெஷின் ஓடிவிடும். எவரும் தடம் மாறுவதில்லை. அதனால் பழைய ஆட்கள் பென்சிலும் ஓட்டுவதில்லை, மண்டபத்துக்கும் போவதில்லை. நேரே ஓட்டல் மதுக்கூடத்துக்குப் போய்விடுவார்கள்.

தெல்மா ‘சொன்னார்’ என்றே எழுதினாள். வெள்ளிக்கிழமை கண் முன்னால் நின்றது. மாசன் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பிவிட்டார். ஆறு மாதத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவள் மதுக்கூடத்துக்குப் போகவில்லை. மண்டபத்தில் கடைசி மேசையில் உரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூப் வந்தது. கொண்டுவந்த கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். கறுப்பு உடுப்பும் வெள்ளை ஏப்ரனுமாக எனிட் நின்றிருந்தாள்.

“நீ எங்கடீ இங்க?”

“வாரத்துல மூணு நாள்தான் வேலைன்னு ஆக்கிட்டாங்கல்ல? மிச்ச நாள் ஓட்டல்காரன் விருந்துல பரிமாறக் கூப்பிடறான். எங்க ஆளுங்க பத்துப் பன்னெண்டு பேர் வந்திருக்கோம் இன்னிக்கு” என்றாள் எனிட். “பாரு, எங்க முதலாளி பேசற விருந்து, மெனுல ஒரு துண்டு மீன் இல்ல. ஆட்டுக்கறியும் புதினாச் சட்னியும். தான் விக்கறத தானே திங்க மாட்டாரு போல.”

தெல்மா சிரிக்க முயன்றாள்.

“என்னடி மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? சூப்பக் குடி, சூடா இருக்கு. அது ஒண்ணுதான் அதுல நல்லா இருக்கற சமாச்சாரம்.”

எனிட் அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். மடியில் இருந்த நான்காம் பக்கம் தெல்மாவின் தொடையைச் சுட்டது. பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பேசி முடித்ததும் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. சூப் ஆறிப்போனது.

கடைசி இனிப்பாக ஆப்பிள் கிரம்பிள் வந்து, அதன்மேல் கஸ்டர்ட் ஊற்றப்பட்டதும் ஸ்டேவ்லி எழுந்தார். பரிமாறுகிற பெண்கள் கஸ்டர்ட் ஜாடிகளைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். பேச்சு நடக்கும்போது நடமாடக் கூடாது என்பது ஓட்டலின் விதி.

முதல் பக்கம் நன்றி. இரண்டாம் பக்கம் துறைமுகம். மூன்றாம் பக்கம் கடல் மூடியது, மீன் விலை ஏறியது. தெல்மாவின் பென்சில் வரிவரியாக ஓடியது. ஒரு சொல் கூட விலகவில்லை. ஸ்டேவ்லி நான்காம் பக்கத்தைத் திருப்பினார். தண்ணீர் குடித்தார். தலையை உயர்த்தினார். எதிர்ச் சுவரில் எனிட் ஷிப்லி ஜாடியோடு நின்றுகொண்டு, முதலாளி நன்றாகத்தான் பேசுகிறார் என்பது போலத் தலையசைத்தாள்.

ஸ்டேவ்லி தாளைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அங்கிருந்த ஒவ்வொரு முகத்தையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு தாளைப் புரட்டி அடியில் வைத்துவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் இருந்த வாழ்த்தை வாசித்து, கோப்பையை உயர்த்தி உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டல். மண்டபத்தில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. தெல்மாவின் பென்சில் மட்டும் நான்காம் பக்கத்தின் முதல் வரியிலேயே நின்றிருந்தது.

போன் போகாவிட்டால், இந்தக் கைதட்டலோடு அங்கே மெஷின் ஓடும்.

நடைக்கூடத்தில் ஒரே ஒரு போன் பெட்டி. உள்ளே மர வியாபாரி ஒருவர் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டப் பேசிக்கொண்டிருந்தார். தெல்மா கண்ணாடியைத் தட்டினாள்.

“வரிசைல நில்லு கண்ணு.”

“ஐயா, இருநூறு பொம்பளைங்க வேலை போற சமாச்சாரம். உங்க குதிர அப்புறமா ஓடட்டும்.” கதவைத் திறந்து அவர் கையிலிருந்து போனை வாங்கிவிட்டாள். வாழ்நாளில் அவள் செய்த முதல் முரட்டுத்தனம் அது.

மறுமுனையில் மேவிஸ் எடுத்தாள். பின்னறையில் தெல்மாவின் பக்கத்து நாற்காலிக்காரி. “சொல்லு. நெறய இருக்கா? டீ வந்திருக்கு.”

“மேவிஸ், மாசனக் கூப்பிடு. ஓடு.”

மாசன் வந்தார். அவள் சொன்னதைக் கேட்டார். பின்னணியில் மெஷினின் சத்தம் தரையிலிருந்து கிளம்பி வருவது அவளுக்குக் கேட்டது.

“வாசிக்காம விட்டுட்டாரா? பக்கம் ஒட்டிக்கிச்சா?”

“இல்ல. எடுத்தார், பாத்தார், அடில வச்சுட்டார்.”

“மனச மாத்திட்டாரா?”

“தெரியாது.”

“தெரியாமயே மெஷின நிறுத்தச் சொல்றியா? எழுதிக் குடுத்திருக்கார்ம்மா. இன்னிக்குச் சொல்லலேன்னா நாளைக்குச் சொல்லுவார். வேன் எல்லாம் வாசல்ல நிக்குது.”

“நாளைக்குச் சொன்னா நாளைக்குச் சொன்னார்னு போடலாம். இன்னிக்குச் சொன்னார்னு போட்டிருக்கோம். நான்தான் போட்டேன். அவர் சொல்லல.”

“எழுந்து மறுபடி பேச மாட்டாரே?”

“சுருட்டப் பத்த வச்சுட்டார்.”

மாசன் போனைக் கையால் மூடாமலே கத்தினார். கத்தலில் மரியாதையான சொல் ஒன்றுகூட இல்லை. மெஷினின் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் நிற்பதைத் தெல்மா அங்கே வேலை பார்த்த இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

“போய் அந்த ஆளக் கேளு” என்றார் மாசன். “சீக்கிரம். வெறுங்கையோட போன் பண்ணினா, வெள்ளிக்கிழம வரைக்கும் நீ காத்திருக்க வேணாம்.”

ஸ்டேவ்லி மேடைப் படிக்கட்டில் நின்று யாரிடமோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார். தெல்மா உரையை நீட்டினாள்.

“நான் பீக்கன்லேந்து வர்றேன் சார். நாலாம் பக்கத்த நீங்க வாசிக்கல.”

“உங்ககிட்டதான் எழுதியே குடுத்தாச்சே.”

“நீங்க அதச் சொன்னதா எழுதிட்டேன். அச்சுல ஓடிட்டு இருந்தது, நிறுத்தி வச்சிருக்கு. இப்ப என்னன்னு எழுதணும்? மூடறீங்களா, மூடலியா?”

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. சுருட்டை அணைத்தார். “மிசஸ் ஷிப்லி எதிர்க்க நின்னாங்க. கைல ஜாடியோட. அப்படி வச்சு சொல்ல எனக்கு வாய் வரல. அவ்வளவுதான். இத எழுதாதீங்க.”

“அப்ப அவங்களுக்கு யார் சொல்லுவா? என் பேப்பரா?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மேசைகளுக்கு நடுவே நடந்து, ஆடிக்கொண்டிருந்த கதவைத் தள்ளி, ஓட்டலின் சமையலறைக்குள் போனார். தெல்மா பின்னாலேயே போனாள். போகாதே என்று அவர் சொல்லவில்லை.

உள்ளே பெண்கள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேவ்லியைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள்.

“என்ன சார், கஸ்டர்ட் கட்டி தட்டிப்போச்சா?” என்றாள் எனிட்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. வசந்தத்தில் தொழிற்சாலையை மூடப்போவதாக இன்றைக்கு அறிவிப்பதாக இருந்தேன் என்றார்.

ஒரு தட்டு விழுந்து உடைந்தது. எவளும் குனிந்து பொறுக்கவில்லை.

“இருந்தீங்களா, இருக்கீங்களா?” என்று கேட்டாள் எனிட். அவள் குரலில் கேலி போய்விட்டிருந்தது.

“மத்தி மீன் வரவே இல்ல, மிசஸ் ஷிப்லி. எத வச்சு டப்பா அடைக்கறது?”

“தலை வாலையெல்லாம் வச்சு அடைங்க. துறைமுகத்துல டன் கணக்குல கொட்டறான். பூனைக்குப் போடற டப்பா என்ன விலை விக்குதுன்னு கடைல போய்ப் பாத்திருக்கீங்களா? போன வருஷமே சங்கத்துலேந்து எழுதிக் குடுத்தோம். பதில் வந்துச்சா?”

“பூன சாப்பாடா?” ஸ்டேவ்லியின் தாத்தா காலத்திலிருந்து டப்பாவில் அரண்மனை கொடுத்த ராஜ முத்திரை இருந்தது.

“பூனைக்கு முத்திர கண்ணுக்குத் தெரியாது சார்” என்றாள் பாத்திரத் தொட்டியருகே நின்ற ஒருத்தி. யாரோ சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த ஒருத்தியும் கொஞ்சம் சிரித்தாள்.

ஸ்டேவ்லி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்தச் சமையலறையில் முதலாளி ஒருவர் உட்கார்ந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. அந்தக் கடிதத்தைத் தான் பார்க்கவே இல்லை என்றார். எனிட் நம்பவில்லை என்பது அவள் உதட்டிலேயே தெரிந்தது. திங்கட்கிழமை சங்கத்தோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதாகவும், அதுவரை எந்த முடிவும் இல்லை என்றும் அவர் சொன்னார்.

“இத எழுதலாமா சார்?” என்றாள் தெல்மா.

“எழுதுங்க.”

அப்போதுதான் எனிட் திரும்பிப் பார்த்தாள். “உனக்குத் தெரியும். சூப் குடுக்கறப்பவே உனக்குத் தெரியும், இல்ல?”

“நேத்தே தெரியும்.”

எனிட் குனிந்து உடைந்த தட்டைப் பொறுக்கத் தொடங்கினாள். தெல்மாவுக்கு அங்கே நின்று விளக்கம் சொல்ல நேரமில்லை. போன் பெட்டிக்கு ஓடினாள்.

மேவிஸுக்கு அவள் நேரடியாகவே சொல்லச் சொல்லத் தட்டச்சு ஆனது. எழுதிப் பார்த்துச் சொல்ல நேரமில்லை. மூடும் முடிவை ஸ்டேவ்லி அறிவிக்கவிருந்தார். அறிவிக்கவில்லை. தொழிற்சாலைப் பெண்களிடம் அவர் நேரில் பேசினார். திங்கட்கிழமை சங்கத்தோடு பேசுவார். நடந்து முடிந்தது, நடக்காமல் நின்றது, இனி நடக்க வேண்டியது என்று மூன்று காலமும் அவள் வாயிலிருந்து தடங்கலில்லாமல் தனித்தனியாக வந்தன. ஆறு மாதம் செவுளைத் தூக்கிப் பார்த்தது வீணாகப் போகவில்லை என்று அப்போது நினைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

மெஷின் நிற்பதற்குள் ஒரு வேன் புறப்பட்டுப் போயிருந்தது. ரயில் நிலையக் கடையில் போட்ட பத்திரிகைக் கட்டை மாசன் ஆள் அனுப்பி மீட்டார். ஆனாலும் சில பிரதிகள் விற்றுவிட்டிருந்தன. அதில் ஒன்றைப் படித்த எனிட்டின் கணவன் பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறான். ஸ்டேவ்லி சொன்னதாகப் போட்டிருக்கிறதே என்று கேட்டவனிடம், “நான் அங்கதான் நின்னேன். அந்த ஆளு சொல்லல. வேற பேப்பர் வாங்கிப் படி” என்றாளாம் எனிட்.

வெள்ளிக்கிழமை மாசன் கூப்பிட்டார். கதவை மூடச் சொன்னார். தெல்மா தன் மேசையிலிருந்த பொருட்களை முன்னாலேயே பையில் போட்டு வைத்திருந்தாள்.

“நேத்து பேப்பர் லேட். ஆசிரியர் மாடிலேந்து இறங்கி வந்து என்ன சொன்னார் தெரியுமா?”

“என்ன சொன்னார்?”

“சொல்ல மாட்டேன். நீ எழுதிடுவ.” மாசன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நீ எழுதினதத் திருத்தாம அனுப்பினது நான்தான். சொல்லாதத சொன்னார்னு எழுதச் சொன்னதும் நான்தான். இருபது வருஷமா அப்படித்தான் பண்றோம். இனிமே உரை முன்னாடி வந்தா, ‘சொல்லவிருக்கிறார்’னு தகடு ஒண்ணு, ‘சொன்னார்’னு தகடு ஒண்ணு. ரெண்டும் தயாரா இருக்கும். எத ஓட்டணும்னு மண்டபத்துலேந்து நிருபர் போன் பண்ணினாத்தான் ஓடும். மதுக்கூடத்துலேந்து இல்ல.”

“அப்ப நான்?”

“திங்கட்கிழம ஸ்டேவ்லி கூட்டத்துக்கு யார் போறதுன்னு நெனச்ச? பைய எதுக்குக் கட்டி வச்சிருக்க? பிரிச்சு வை.”

திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில் தூறல். கூட்டம் நடந்த அறைக்கு வெளியே பெண்கள் குடையில்லாமல் கூடி நின்றார்கள். தெல்மா அவர்களுக்கு நடுவே நின்றாள். சிலர் அவளிடம் பேசினார்கள், சிலர் பேசவில்லை. கதவு திறந்து எனிட்தான் முதலில் வந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, முதலில் அவர்களிடம்தான் சொன்னாள். மத்தி வரிசை இந்தக் குளிர்காலத்தோடு நின்றுவிடும். பூனை டப்பா வரிசை ஆறு மாதம் நடக்கும். பெரும்பாலான பேருக்கு அதில் வேலை உண்டு. எல்லாருக்கும் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள்.

பிறகு தெல்மாவிடம் வந்தாள். நான்கு நாளில் அவளோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

“எழுதிக்கிட்டியா?”

“உன் வாயால கேட்டுட்டேன். அவர் வாயாலயும் கேக்கணும்.”

“உள்ளதான் இருக்காரு. போ” என்று எனிட் கதவைப் பிடித்துக்கொண்டாள். “சீக்கிரம் கேளு. மெஷின நிறுத்தி வச்சிருப்பீங்க மறுபடி.”

தெல்மா உள்ளே போனாள்.